சினார் நிழலில் ஒரு புதையல் வேட்டை

'இலையுதிர் காலம்' என்ற சொல்லை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. நம்முடைய ஆறு பருவங்களில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். தமிழ்நாட்டில் அது அடைமழைக் காலம். மரமெல்லாம் பச்சைப் பசேலென்று நிற்கும். தேக்கு போன்ற மரங்கள் இலையை உதிர்ப்பதுகூடக் குளிருக்காக அல்ல. மழை நின்று மண் காய்ந்தபின், இருக்கிற ஈரத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்காகத்தான்.

அதே ஐப்பசி, கார்த்திகையில் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு மஞ்சளாகி, பிறகு செம்பழுப்பாகி, உதிர்ந்து போகிறது. அங்கே இந்தப் பருவத்துக்கு 'ஹருத்' என்று பெயர். தலைநகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் நமக்கு, சென்னைக்குப் போவதைவிட இது மிகவும் பக்கம். ஆனாலும் காஷ்மீர் போய் வருகிறவர்களில் பலர் இந்தக் காட்சியைத் தவறவிட்டுவிடுகிறார்கள். ஒன்று, ஒரு வாரம் முன்னாலோ பின்னாலோ போய்விடுகிறார்கள். இல்லாவிட்டால் குல்மார்க்கில் போய் நிற்கிறார்கள். அங்கே உள்ள தேவதாரு, பைன் வகை மரங்கள் என்றும் பச்சை. அவை நிறம் மாறுவதில்லை.

எங்கே, எப்போது என்ற இந்தக் கேள்விக்கு ஒரு விளையாட்டு நல்ல வழி காட்டுகிறது. அதன் பெயர் ஜியோகேச்சிங்.

டப்பாவும் இரண்டு எண்களும்

அமெரிக்க அரசு தன் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைப் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே மங்கலாக்கித் தந்துகொண்டிருந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தத் தடையை நீக்கியது. நூறு மீட்டர் வரை பிசகிக்கொண்டிருந்த கருவிகள் ஒரே இரவில் பத்து இருபது மீட்டருக்குள் சரியாகக் காட்டத் தொடங்கின. மே 3-ஆம் தேதி டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகருக்கு அருகே, ஒரு வாளியில் குறிப்பேடும் சில பொருள்களும் வைத்து ஒளித்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கணினி வழியே வெளியிட்டார். அதைப் பார்த்தவர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். அன்று பிறந்த விளையாட்டு இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கிறது.

விதிகள் எளியவை. எண்களைப் பின்பற்றிப் போக வேண்டும். டப்பாவைக் கண்டால் குறிப்பேட்டில் பெயரும் தேதியும் எழுத வேண்டும். உள்ளே இருக்கும் பொம்மையையோ சாவிக்கொத்தையோ எடுத்தால், அதே மதிப்புள்ள ஒன்றை வைக்க வேண்டும். பள்ளம் தோண்டிப் புதைக்கக் கூடாது. மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது.

மேலை நாடுகளில் இலை நிறம் மாறும் பருவத்தில் இந்த விளையாட்டுக்காரர்களுக்குத் தனி உற்சாகம். டப்பாக்களை ஒளித்தவர்கள் அந்தந்த ஊரையும் காட்டையும் நன்றாக அறிந்தவர்கள். எனவே அவர்கள் கொடுத்த எண்கள், சுற்றுலாப் பேருந்து நிற்காத ஏரிக்கரைக்கும் குன்றுச்சரிவுக்கும் கொண்டுபோய் விடும்.

காஷ்மீரில் டப்பா வேண்டாம்

இதை அப்படியே காஷ்மீருக்குக் கொண்டுபோகக் கூடாது. பொது இடத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் டப்பா அங்கே விளையாட்டுப் பொருள் அல்ல. பாதுகாப்புப் படையினர் ஓடி வந்து சூழ வேண்டிய பொருள். ஆகவே ஒளிப்பதும் வேண்டாம், அறியாத டப்பாவைத் தொடுவதும் வேண்டாம்.

டப்பா இல்லாமலும் ஆட வழி உண்டு. குறிப்பிட்ட இடத்துக்குப் போய், அங்கே நேரில் பார்த்தால் மட்டுமே தெரியக்கூடிய ஒரு விவரத்தைக் குறித்து வருவதும் ஜியோகேச்சிங்கில் ஒரு வகை. காஷ்மீரில் அதற்குத் தோதாக ஓர் ஏற்பாடு இப்போது வந்திருக்கிறது.

சினார் மரங்களுக்கு ஜம்மு காஷ்மீர் வன ஆராய்ச்சி நிலையம் அடையாள எண் கொடுத்து வருகிறது. 'மர ஆதார்' என்றே பத்திரிகைகள் இதை எழுதின. 2025 ஜனவரியில் வந்த செய்திகளின்படி, இருபத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களின் இருப்பிடம் செயற்கைக்கோள் உதவியுடன் பதிவாகிவிட்டது. பதிவான மரங்களில் க்யூ.ஆர். அட்டை பொருத்துகிறார்கள். கைபேசியால் அதைப் படம் பிடித்தால் மரத்தின் இருப்பிடம், வயது, உடல்நிலை போன்ற விவரங்கள் வருகின்றன. அட்டையுள்ள மரத்தைத் தேடுவது குழந்தைகளுக்குப் புதையல் தேடுவது போலத்தான்.

இந்தக் கணக்கெடுப்பு எதற்காக என்பதையும் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும். சாலை அகலப்படுத்துதல், கட்டடங்கள், நோய் ஆகியவற்றால் சினார்கள் குறைந்துவருகின்றன. சொந்த நிலத்தில் நின்றாலும் அனுமதியின்றி வெட்டக்கூடாது என்று 1969-லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. ஆனால் எங்கே எத்தனை மரம் என்ற பதிவு இல்லாவிட்டால், ஒன்று காணாமல் போனால் யாருக்குத் தெரியும்?

எங்கே, எப்போது?

உயரம்தான் கணக்கு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். இரவுக் குளிர் வந்ததும் இலையில் பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் சேர்ந்தால் சிவப்பு புதிதாக உண்டாகிறது. எனவே நிறம் மேலேயிருந்து கீழே இறங்கிவரும்.

சுமார் 2,700 மீட்டர் உயரமுள்ள சோன்மார்க், 2,100 மீட்டரைத் தாண்டிய பஹல்காம் ஆகிய இடங்களில் பாப்ளர், வில்லோ மரங்கள் அக்டோபரிலேயே மஞ்சளாகின்றன. சினார் தாழ்ந்த பகுதிகளில்தான் செழிக்கும். சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஸ்ரீநகரில் அதன் உச்சம் அக்டோபர் கடைசி வாரம் முதல் நவம்பர் நடுப்பகுதி வரை. தசரா விடுமுறை இதற்குச் சற்று முந்தியது. தீபாவளி தாமதமாக வரும் ஆண்டுகளில் தீபாவளி விடுமுறை மிகப் பொருத்தம்.

ஸ்ரீநகரில் முதலில் பார்க்க வேண்டியது நசீம் பாக். ஹஸ்ரத்பால் அருகே காஷ்மீர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் முகலாயர் காலத்துச் சினார்த் தோப்பு இது. ஜஹாங்கீர் 1619-ல் அமைத்த ஷாலிமார் பாக், ஆசஃப் கான் அமைத்த நிஷாத் பாக் ஆகியவற்றில் கூட்டம் இருக்கும்; காலையில் போவது நல்லது. தெற்கே பிஜ்பெஹாராவில் ஜீலம் நதிக்கரையில் தாரா ஷுகோவின் பெயரால் உள்ள தோட்டத்தில் பிரம்மாண்டமான மரங்கள் உண்டு. வழியில் பாம்போர் வருகிறது. ஏறக்குறைய இதே நாட்களில்தான் குங்குமப்பூவும் பூக்கும். பட்காம் மாவட்டம் சத்தர்காமில் உள்ள ஒரு சினார் 1374-ல் நடப்பட்டது என்று சொல்கிறார்கள்.

கிளம்பும் முன்

2025 ஏப்ரல் 22-ல் பஹல்காமில் நடந்த கொடிய தாக்குதலுக்குப் பிறகு பல இடங்கள் மூடப்பட்டு, படிப்படியாகத் திறக்கப்பட்டன. எது திறந்திருக்கிறது என்று சுற்றுலாத் துறையிடம் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். 2025 ஜூன் முதல் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ரயில் ஓடுகிறது. கட்ரா வரை ஒரு ரயில், பிறகு மாறிக்கொள்ளலாம்.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்வதில்லை, போஸ்ட்பெய்டு தேவை. வரைபடத்தை வீட்டிலேயே கைபேசியில் இறக்கிக்கொண்டால், சிக்னல் இல்லாத இடத்திலும் ஜி.பி.எஸ். வழி காட்டும். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகளை உரிமமின்றி வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்திருந்தால் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ராணுவ முகாம்களையும் பாலங்களையும் படம் எடுக்க வேண்டாம்.

எண்களை எழுதுவதிலும் கவனம் தேவை. ஜியோகேச்சிங்கில் டிகிரிக்குப் பிறகு நிமிடத்தைத் தசமத்தில் எழுதுவார்கள். 34 டிகிரி 5.5 நிமிடம் என்பதை 34.055 டிகிரி என்று அடித்தால் நான்கு கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள்! அடர்ந்த கிளைகளுக்கு அடியில் கருவி சில மீட்டர் தடுமாறும். அங்கிருந்து கண்ணை நம்ப வேண்டியதுதான்.

குழந்தைகளின் குறிப்பேடு

ஆளுக்கொரு நோட்டும், வீட்டுக்கொரு அளவு நாடாவும் போதும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை, அட்டை இருந்தால் அதன் விவரம், தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு, இலைகளில் பச்சை எவ்வளவு, மஞ்சள் எவ்வளவு, சிவப்பு எவ்வளவு: இவற்றை எழுதட்டும். வனத்துறையினர் சுற்றளவு எடுப்பதும் அந்த உயரத்தில்தான். நாடா எட்டாத மரமென்றால் குடும்பமே கைகோத்துச் சுற்றி நின்று எத்தனை பேர் தேவைப்பட்டது என்று குறிக்கலாம். கிளையை ஒடிக்க வேண்டாம்; உதிர்ந்த இலை ஒன்று நோட்டின் நடுவில் இருந்தால் போதும்.

சொந்த ஊரில் நம் தாத்தா பாட்டிக்கு 'எங்கள் வேப்பமரம்', 'எங்கள் புளியமரம்' என்று சொல்ல ஏதோ ஒன்று இருந்தது. மாற்றலாகி மாற்றலாகி, அடுக்குமாடி வீட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று அமைவது அரிது. எண்ணோடு எழுதி வைத்த மரத்தை இரண்டு வருடம் கழித்துப் போனாலும், தோழர் குடும்பம் ஒன்று போனாலும், அதே இடத்தில் தேடிப் பார்க்கலாம். இருந்தால் சுற்றளவை மீண்டும் எழுதலாம். இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேட்கலாம். அப்படிக் கேட்கிறவர்கள் பெருகினால் மரங்களுக்கும் நல்லது.

போய் வருகிறவர்கள் தங்கள் பிள்ளைகளின் குறிப்புகளை நம் இதழுக்கு அனுப்பி வைத்தால், அடுத்து போகிறவர்களுக்கு அதுவே வழிகாட்டியாகும்.