பொருளறிவும் தொழிலாயத்தமும்: தொண்டர் வழிகாட்டும் கல்வி

கல்வியின் பயன்கள் பலவாகக் கூறப்படினும், கற்றவன் தன் வாழ்வைத் தானே நடத்த வல்லவனாதல் அவற்றுள் முதன்மையானது. வாழ்வை நடத்துதற்குப் பொருள் வேண்டும். பொருளை ஈட்டுதற்குத் தொழில் வேண்டும். ஈட்டியதைப் பேணிச் செலவிடுதற்கு அறிவு வேண்டும். பள்ளிக்கூடம் எண்ணும் எழுத்தும் கற்பிக்கின்றது. ஆயினும், தனிவட்டி கூட்டுவட்டிக் கணக்குகளைப் பிழையறச் செய்து பரீட்சையிற் சித்தியெய்திய மாணவன், சில ஆண்டுகளின் பின் ஒரு கடன் பத்திரத்தில் அதன் வட்டி யாதென அறியாமலே கையொப்பமிடுதல் உலகில் அரிதன்று. கணக்கை அறிதல் வேறு. தன் கணக்கைத் தான் அறிதல் வேறு. இவ்விடைவெளியை நிரப்பும் பொருட்டு, தொழில் துறைகளில் உள்ளோர் ஊதியம் கருதாது இளைஞரிடம் சென்று வழிகாட்டும் முறையொன்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வழங்கி வருகின்றது. அதன் தோற்றம், செயன்முறை, பயன், எல்லை என்பன ஆராயத்தக்கன.

இம்முறைக்கு நிலையான வடிவம் தந்தவர்கள் ஐக்கிய அமெரிக்கரே. முதலாம் உலகப்போர் முடிவுற்ற மறு ஆண்டாகிய 1919 இல், மாசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரில் ஓர் இளைஞர் இயக்கம் தொடங்கப்பெற்றது. பின்னர் ‘ஜூனியர் அச்சீவ்மென்ற்’ என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது இதுவேயாகும். தொலைபேசிக் கொம்பனித் தலைவராய் விளங்கிய தியடோர் வெயில், காகித உற்பத்தியாளராகிய ஹொறஸ் மோசஸ், செனற் சபை உறுப்பினராயிருந்த மறே கிறேன் ஆகிய மூவரும் இதனைத் தோற்றுவித்தவராவர். கிறேன் குடும்பத்தாரின் ஆலை 1879 முதல் அமெரிக்க நாணயத் தாள்களுக்குக் காகிதம் செய்து கொடுத்து வந்தது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. வெயிலும் கிறேனும் 1920 இலேயே காலமாக, மோசஸ் நெடுங்காலம் இவ்வியக்கத்தைப் பேணி வளர்த்தார்.

இவர்களைத் தூண்டிய காரணம் எளிதில் விளங்கக்கூடியதே. அக்காலத்தில் நாட்டுப்புற இளைஞர் பெருந்தொகையினராய் நகரங்களை நாடிச் சென்றனர். வயல்வெளியில் வளர்ந்த பிள்ளை தந்தையோடு உழுது, தாயோடு கறவை பேணி, விளைவையும் விலையையும் கண்ணாரக் கண்டு தொழில் பழகுவான். நகரத்துப் பிள்ளைக்கோ தந்தையின் தொழில் ஆலையின் மதிலுக்குள் மறைந்துவிட்டது. தந்தை காலையிற் சென்று மாலையில் மீள்வதையன்றி, அவர் யாது செய்கின்றார், கூலி எவ்வாறு கணிக்கப்படுகின்றது என்பன அப்பிள்ளை அறியாதவை. முன்னர் வீடே கற்பித்த ஒன்றை இனிப் பிறர் முயன்று கற்பிக்க வேண்டியதாயிற்று. இன்று தந்தையர் கந்தோர்களிலும் கடல் கடந்த நாடுகளிலும் தொழில் புரியும் குடும்பங்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

இவ்வியக்கத்தின் தலையாய பயிற்சி ‘மாணவர் கொம்பனி’ எனப்படும். மாணவர் சிலர் ஒன்றுகூடித் தங்களுள் தலைவரையும் பிற பொறுப்பாளரையும் தெரிவு செய்வர். சிறு விலையுள்ள பங்குகளைப் பெற்றோருக்கும் அயலவருக்கும் விற்று முதல் திரட்டுவர். விற்கத்தக்க பொருள் ஒன்றைத் தேர்ந்து, மூலப்பொருள் வாங்கி, தம் கைகளாற் செய்து, வீடு வீடாகச் சென்று விற்பர். கூலி, வாடகை, பொருட்செலவு யாவும் பேரேட்டிற் பதியப்படும். கல்வியாண்டின் முடிவில் ஐந்தொகை தயாரித்து, இலாபம் உண்டாயின் பங்கிலாபம் வழங்கிக் கொம்பனியைக் கலைத்துவிடுவர். நட்டமுண்டாயின் அதனையும் பங்குதாரருக்குக் கூறித்தான் ஆதல் வேண்டும். அருகிலுள்ள தொழில் நிலையங்களிலிருந்து வரும் தொண்டர்கள் இவர்களுக்கு ஆலோசகராய் இருப்பர். ஆலோசகர் செய்து கொடுப்பவர் அல்லர், செய்யுமாறு விடுபவர். மாணவர் விலையைத் தவறாகக் குறித்தால், அத்தவறு ஏட்டில் வெளிப்படும்வரை பொறுத்திருந்து, பின் அதன் காரணத்தை அவர்களே காணுமாறு வினவுதல் நல்லாலோசகரின் இலக்கணம். சிறு தொகையில் நேரும் இழப்பு, பிற்காலத்துப் பெருந்தொகையைக் காக்கும் பாடமாகின்றது.

பிரித்தானியாவில் வங்கியாளராகிய வோல்ற்றர் சலமன் என்பவர் இம்முறையைப் பின்பற்றி 1962 இல் ‘யங் என்ரர்பிறைஸ்’ என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அமெரிக்காவில் நெடுங்காலம் பாடசாலை நேரத்தின் பின்னரே நடைபெற்ற இப்பணி, 1975 முதல் வகுப்பறைக்குள்ளும் புகுந்தது. தொழிலில் உள்ள ஒருவர் குறித்த வேளையில் வகுப்புக்கு வந்து, ஆசிரியர் உடனிருக்கப் பாடம் நடத்துவது இவ்வேற்பாடு. காலப்போக்கில் பொருளறிவு, தொழிலாயத்தம், தொழில் முயற்சி என்னும் மூன்றும் இவ்வியக்கத்தின் பிரிவுகளாயின. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இன்று இது பரவியுள்ளது.

ஆசிரியர் பலர் இருக்கத் தொண்டர் எதற்கு என்னும் வினா எழுதல் இயல்பே. இதற்கு விடை, தொண்டர் ஆசிரியரினும் மிகக் கற்றவர் என்பதன்று. அவர் தாம் அன்றாடம் கையாளும் பத்திரங்களோடு வருகின்றார் என்பதேயாம். ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒருவர் ஓராண்டுத் தவணையில் 1,00,000 ரூபா கடன் பெறுகின்றார். வட்டி 20 சதவீதம் எனக் கூறப்படுகின்றது. முதலும் வட்டியுமாக 1,20,000 ரூபாவைப் பன்னிரண்டு சம தவணைகளாக வகுத்து, மாதந்தோறும் 10,000 ரூபா செலுத்த வேண்டும். பாடநூற் கணக்கில் இதிற் பிழை ஒன்றும் இல்லை. ஆயின் முதலாம் மாதத்திலிருந்தே கடனாளி முதலைத் திருப்பிக் கொடுத்து வருகின்றார். ஆண்டின் பாதி கழிந்ததும் பெற்ற தொகையிற் பாதியளவு அவர் கையில் இல்லை. வட்டியோ முழுத் தொகைக்கும் முழு ஆண்டுக்கும் அறவிடப்படுகின்றது. குறைந்து செல்லும் நிலுவையின் மீது கணித்துப் பார்ப்பின், உண்மை வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 35 சதவீதமாகும். வங்கியிற் கடமையாற்றும் ஒருவர் இதனைக் கரும்பலகையில் வரிவரியாக எழுதிக் காட்டுவாராயின், அவ்வகுப்பிலுள்ள எவரும் பின்னர்க் கடன் பெறும்போது ‘எந்த நிலுவைக்கு வட்டி?’ என்று கேளாதிரார். இலங்கையில் 2018 ஆம் ஆண்டில், வறட்சியுற்ற மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசு தள்ளுபடி செய்ய முன்வர வேண்டியதாயிற்று என்பதை நோக்குவார்க்கு, இக்கேள்வியின் பெறுமதி தெற்றெனப் புலனாகும்.

தொழிலாயத்தமும் இத்தன்மையதே. விண்ணப்பம் எழுதுதல், நேர்முகப் பரீட்சையில் விடையிறுத்தல், குறித்த நேரத்துக்குச் சமுகமளித்தல், தெரியாததைத் தெரியாதென்று கூறி உதவி நாடல் ஆகியன அறிவுரையாற் கைவருவன அல்ல, பழக்கத்தால் அமைவன. இவற்றோடு, நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் வாசிக்கத் தெரிதலும் வேண்டும். இந்நாட்டில் தனியார் துறையிற் சேரும் இளைஞன், தன் சம்பளத்தில் 8 சதவீதம் ஊழியர் சேமலாப நிதிக்குக் கழிக்கப்படும் என்பதையும், தொழில் கொள்வோர் தம் பங்காக 12 சதவீதம் செலுத்தக் கடமைப்பட்டவர் என்பதையும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு மேலும் 3 சதவீதம் அவரே செலுத்த வேண்டும் என்பதையும் முதல் நாளிலேயே அறிந்திருத்தல் நன்று. அறியாதவன், தனக்குரியது செலுத்தப்படாதவிடத்தும் கேளாதிருப்பான். எனவே தொழிலாயத்தம் என்பது பணிவு மட்டும் அன்று, உரிமையறிவும் ஆகும்.

அமெரிக்காவில் நடத்தப்பெறும் இன்னொரு பயிற்சியும் குறிப்பிடத்தக்கது. மாணவன் ஒவ்வொருவனுக்கும் ஒரு கற்பனை வாழ்க்கை குறிக்கப்பெற்ற சீட்டு வழங்கப்படும். அதில் வயது, தொழில், சம்பளம், துணைவர், பிள்ளைகள் என்பன காணப்படும். அவ்வருவாய்க்குள் வீடு, உணவு, போக்குவரத்து, மருத்துவம், சேமிப்பு யாவற்றுக்கும் அவன் பகிர்ந்தளித்தல் வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும் என்பதை அப்போது அவன் கண்டுகொள்கின்றான். தன் வீட்டில் தாய் மாதந்தோறும் செய்துவரும் கணக்கின் கடினமும் அன்றே அவனுக்குப் புலப்படுகின்றது.

வருவாய் சிறிதாயினும் செலவு அதனின் மிகாதாயின் கேடில்லை என்பது வள்ளுவர் கருத்து. இக்கருத்தமைந்த குறள் ‘பொருள் செயல்வகை’ என்னும் அதிகாரத்தில் இல்லை. ‘வலியறிதல்’ என்னும் அதிகாரத்திலேயே வைக்கப்பட்டுள்ளது. தன் வரவின் அளவை அறிதல், தன் வலிமையை அறிதலின் ஒரு கூறு என்பது இவ்வைப்புமுறையாற் பெறப்படும். பொருளறிவு என்பது செல்வம் சேர்க்கும் சூழ்ச்சியன்று, தன்னளவை அறியும் தெளிவே என்று கொள்ளுதல் இதனால் வலுப்பெறுகின்றது.

இனி, இக்கல்வி உண்மையிற் பயன் தருகின்றதா என்பதை நடுவுநிலையோடு நோக்குதல் வேண்டும். தேவை உண்டென்பதில் ஐயமில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 2004 இல் ஐம்பது வயது கடந்தோரிடம் வட்டி, விலையேற்றம், முதலீட்டு அபாயம் ஆகியவை பற்றி மூன்று எளிய வினாக்கள் கேட்கப்பட்டன. மூன்றுக்கும் சரியாக விடையளித்தோர் மூன்றிலொரு பங்கினரே. ஆயின் கற்பித்தலின் பயன்பற்றி ஆய்வாளர் கருத்து வேறுபடுகின்றனர். பெர்னாண்டஸ், லிஞ்ச், நெற்றமயர் ஆகியோர் 2014 இல் முன்னைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து நோக்கி, மக்களின் பண நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கையே இத்தகைய கல்வி விளக்குகின்றது என்றும், கற்றது காலப்போக்கில் மறைந்துவிடுகின்றது என்றும் முடிவு கூறினர். கைசரும் லுசார்டியும் மற்றும் இருவரும் 2022 இல் வெளியிட்ட ஆய்வோ, 76 பரிசோதனைகளை ஒப்புநோக்கி, அறிவிலும் நடத்தையிலும் நற்பயன் உண்டு எனக் காட்டியது. மாணவர் கொம்பனி முறையை ஒல்லாந்துத் தொழிற்கல்லூரி ஒன்றில் ஆராய்ந்து 2010 இல் வெளிவந்த ஆய்வின் முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. பயிற்சி பெற்ற மாணவரிடம் தொழில் முயற்சித் திறன் வளர்ந்ததாகத் தெரியவில்லை. சொந்தத் தொழில் தொடங்கும் விருப்பமோ குறைந்திருந்தது.

இம்முடிவுகள் ஒன்றோடொன்று முரணுவனபோலத் தோன்றினும், அவற்றால் பெறப்படும் படிப்பினைகள் தெளிவானவை. முதலாவது, பாடம் தேவைக்கு அண்மையில் அமைதல் வேண்டும். பன்னிரண்டு வயதிற் கேட்ட கடன் விளக்கம் இருபத்தைந்து வயதில் நினைவில் நில்லாது. பாடசாலையை விட்டு நீங்கும் ஆண்டிற் கேட்டது பயன்படும். இரண்டாவது, விருப்பம் குறைதல் எப்போதும் தோல்வியன்று. வாணிகத்தின் இடரைச் சிறு அளவிற் கண்டு, தனக்கு அது ஏற்றதன்று எனத் தெளிந்தவன், வலியறிந்தவனே ஆவான். மூன்றாவது, ஒரு நாட் சொற்பொழிவால் பழக்கம் மாறாது. ஓராண்டு தொடர்ந்து வருபவரே வழிகாட்டி. ஒரு நாள் வந்து செல்பவர் விருந்தினர்.

இம்முறையில் குறைகள் நேரக்கூடிய இடங்களும் உள. தொண்டரை அனுப்பும் நிறுவனம் தன் பெயரை விளம்பரஞ் செய்யவும், மாணவரை வாடிக்கையாளராக்கவும் முனைதல் கூடும். வங்கியின் பிரதிநிதி கடனைப் பற்றிக் கற்பிக்கலாம். தம் வங்கியின் கடனை வகுப்பில் விற்றல் ஆகாது. எனவே பாடத்தின் கடிவாளம் ஆசிரியர் கையிலேயே இருத்தல் வேண்டும். இதனினும் நுண்ணிய குறை மற்றொன்றுண்டு. வறுமையுற்ற குடும்பத்துப் பிள்ளையிடம் சிக்கனத்தைப் போதித்து, அவன் வறுமைக்கு அவன் அறியாமையே காரணம் என்பதுபோற் பேசுதல் கொடிது. கூலி குறைவாயும் விலைவாசி மிகுதியாயும் உள்ள இடத்தில் எவ்வளவு கணக்கு அறிந்தாலும் மிச்சம் பிடிக்க முடியாது. பொருளறிவு வறுமையை ஒழிக்கும் மருந்தன்று. ஏழையை ஏமாற்றுவோரிடமிருந்து காக்கும் கவசம். இவ்வளவே அதனிடம் எதிர்பார்க்கத்தக்கது, இவ்வளவும் சிறிதன்று.

கல்லூரிகளுக்கு இத்தகைய பணி புதிய செலவொன்றையும் சுமத்தாது. பழைய மாணவருள் வங்கியாளர், கணக்காளர், கைத்தொழிலாளர், கடைக்காரர், கமக்காரர், தாதியர் எனப் பல தொழிலினரும் உளர். பரிசளிப்பு விழாவில் முன்வரிசையில் அமரும் அவர்கள், மாதம் ஒருமுறை உயர்வகுப்பில் வந்து அமர்தலும் இயலும். தம் சம்பளச் சீட்டையும், தாம் நிரப்பிய முதல் விண்ணப்பத்தையும், கடை ஏட்டின் ஒரு பக்கத்தையும் மாணவர்முன் விரித்துக் காட்டி, வினாக்களுக்கு மறைக்காது விடை கூறுவாராயின் அதுவே பாடமாகும். பெரும் பதவியில் உள்ளோரையே அழைத்தல் வேண்டும் என்பதில்லை. தொழிலில் இடர்ப்பட்டு மீண்ட சிறு வணிகர் ஒருவர், வெற்றியே கண்டவரினும் மிகுதியாகக் கற்பிக்க வல்லவர். கட்டட நிதிக்குக் கொடுக்கும் கொடை கல்லிலும் சுண்ணத்திலும் நிலைபெறுகின்றது. இத்தொண்டின் பயனோ, முதன்முறையாக ஒரு பத்திரத்தின்முன் பேனாவை எடுக்கும் இளைஞன், கையொப்பமிடுமுன் அதனை முழுவதும் வாசிப்பதில் விளங்கும்.