பேட்மேனின் சித்தி ராமநாதபுரத்தில் நடந்த கதை தெரியுமா?

‘பேட்மேன்’ நடிகர் கிறிஸ்டியன் பேலுக்குச் சித்தி முறையாகும் ஒரு பெண்மணி, 1950களின் கடைசியில் நம்ம ராமநாதபுரம் ஜில்லாவில் ஊர் ஊராக நடந்திருக்கிறார், தெரியுமா? ஒரு குவளை, ஒரு சீப்பு, உடுத்திய சேலை. மூட்டையே அவ்வளவுதான்!

அவர் குளோரியா ஸ்டைனம். அமெரிக்கப் பெண்ணிய இயக்கம் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் முகம். 66 வயதில்தான் பேலின் அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டார். 2015இல், 81 வயதில், தன் ஊர்சுற்றிய வாழ்க்கையை ‘மை லைஃப் ஆன் தி ரோட்’ என்று புத்தகமாக்கினார். எழுதி முடிக்க ஏறக்குறைய 20 வருஷம்! பின்னே, ஓரிடத்தில் உட்கார்ந்தால்தானே? இதில் வேடிக்கை, அவர் கார் ஓட்டுவதில்லை. தனியாக ஓட்டிப் போனால் யாரிடம் பேசுவது என்பது அவர் கட்சி.

அப்பா லியோ பழம்பொருள் வியாபாரி. குளிர் எட்டிப் பார்த்ததும் குடும்பத்தை டிரெய்லர் வீட்டில் ஏற்றிக்கொண்டு புளோரிடாவுக்கோ கலிபோர்னியாவுக்கோ கிளம்பிவிடுவார். விளைவு? பத்து வயது தாண்டும்வரை மகள் ஒரு முழு வருஷம்கூடப் பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்துக்கூட்டிப் படித்ததே சாலையோரப் பலகைகளைப் பார்த்துத்தான்! அம்மா ரூத் பத்திரிகை வேலையைத் துறந்தவர், மனநோயில் நொந்தவர். அப்பாவின் சுதந்திரத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது மகளுக்குப் புரியாமலா இருந்திருக்கும்?

புத்தகத்தின் காணிக்கை யாருக்குத் தெரியுமா? ஒரு லண்டன் டாக்டருக்கு! 1957இல், இந்தியா வரும் வழியில், 22 வயதில் குளோரியா கர்ப்பம். இங்கிலாந்தில் கருக்கலைப்புச் சட்டம் தளர இன்னும் பத்து வருஷம் இருந்தது. டாக்டர் ஜான் ஷார்ப் துணிந்து உதவினார். பதிலுக்குக் கேட்டது இரண்டே வாக்கு: என் பெயரை வெளியே சொல்லக்கூடாது, உன் வாழ்க்கையை உன் இஷ்டப்படி வாழ வேண்டும். இரண்டாவதைக் காப்பாற்றியவர், முதலாவதை 58 வருஷம் கழித்துக் காணிக்கைப் பக்கத்திலேயே மீறினார்!

டெல்லி மிராண்டா ஹவுஸ் மகளிர் கல்லூரியில் தங்கியிருந்தவர், பிறகு ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெண்கள் பெட்டியில் ஏறித் தெற்கே வந்தார். பெட்டி முழுக்கக் குடும்பக் கதை, கட்டுச்சோறு, கேள்வி மேல் கேள்வி. ராமநாதபுரத்திலோ 1957 முதுகுளத்தூர் சாதிக் கலவரத்தின் சூடு ஆறவில்லை. அதைத் தணிக்க, பூதான இயக்கத் தலைவர் வினோபா பாவேயின் ஆட்கள் சிறு குழுக்களாகக் கிராமங்களுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு குழுவில் பெண் இல்லை. ஆண்கள் மட்டும் போனால் வீட்டுக்குள்ளிருக்கும் பெண்களிடம் யார் பேசுவது? ‘நான் வெளிநாட்டுக்காரி ஆயிற்றே’ என்று இவர் தயங்க, டெல்லிக்காரர்களும் இந்த ஊர்க்காரர்களுக்கு அந்நியர்தான், வா என்று சேர்த்துக்கொண்டார்களாம்!

இரவில் மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி ஊர் கூடும். நடந்த கொடுமைகளை ஒவ்வொருவராகச் சொல்வார்கள், குழு கேட்டுக்கொண்டிருக்கும். பிரசங்கம் கிடையாது, தீர்ப்பு கிடையாது. பிற்பாடு அமெரிக்கா முழுக்க அவர் கூட்டிய கலந்துரையாடல் வட்டங்களுக்கெல்லாம் விதை இங்கேதான்! பெண்ணியத்தை மேற்கிலிருந்து வந்த சரக்கு என்பவர்கள் இந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கட்டும். பல வருஷம் கழித்து, காந்தியின் போராட்ட உத்திகளைப் பெண்கள் இயக்கம் கடன் வாங்கலாமே என்று விடுதலைப் போராளி கமலாதேவி சட்டோபாத்யாயிடம் போய்ச் சொன்னபோது என்ன பதில் வந்தது தெரியுமா? காந்திக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தான்!

இவ்வளவு பேசிய குளோரியாவுக்கு மேடை என்றாலே நடுக்கம்! அதனால்தான் டோரதி பிட்மன் ஹியூஸ், பிறகு வழக்கறிஞர் ஃப்ளோரின்ஸ் கென்னடி என்று கறுப்பினத் தோழியரைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். பாஸ்டனில் இவர்களை ஏற்றிப்போன டாக்ஸியின் ஓட்டுநர், வயதான ஐரிஷ் அம்மாள். ஆண்களுக்குக் கர்ப்பம் வருமானால் கருக்கலைப்பு தேவாலயச் சடங்காகவே ஆகியிருக்கும் என்று போட்டாரே ஒரு போடு! அது ஊர்வல முழக்கமாகிவிட்டது.

குளோரியா தொடங்கிய ‘மிஸ்’ பத்திரிகையின் முன்னோட்ட இதழ் மூன்று லட்சம் பிரதி, எட்டே நாளில் காலி! அது எங்கெல்லாம் போயிருக்கிறது பாருங்கள். சவுத் டகோடாவில் ஒருமுறை எங்கு பார்த்தாலும் தோல் ஜாக்கெட் பைக்காரர்கள். ஒதுங்கி உட்கார்ந்து காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்த குளோரியாவிடம் அந்தக் கும்பலிலிருந்து ஒரு பெண் வந்தார். ‘மிஸ்’ தனக்கு எவ்வளவு முக்கியம் என்றார். கூட வந்திருப்பது ஆலிஸ் வாக்கர்தானே, அவர் கவிதை ரொம்பப் பிடிக்கும் என்றார். புருஷன் பின்னாலேயே உட்கார்ந்து போனவர், பிள்ளைகள் வளர்ந்ததும் இனி முடியாது என்று சொல்லிவிட்டாராம். வெளியே நின்ற பெரிய ஊதா நிற ஹார்லி அவருடையது!