சோஜிலா: உறைபனியிலும் கொதிக்கும் என்ஜின்

புது தில்லி: காஷ்மீரையும் லடாக்கையும் இணைக்கும் சோஜிலா கணவாய் குளிர்காலத்தில் எத்தனை நாள் மூடிக் கிடந்தது என்பது, தலைநகரில் ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் சாதனைக் கணக்காகிவிட்டது. 2022-ல் 73 நாள், 2023-ல் 68, 2024-ல் 35, 2025-ல் 32. முன்பு ஐந்து, ஆறு மாதங்கள் அடைபட்டிருந்த பாதை இது. 1999 கார்கில் போரின்போது பாகிஸ்தான் ஊடுருவல்காரர்கள் மலையுச்சிகளிலிருந்து குறிவைத்த ஸ்ரீநகர் - லே நெடுஞ்சாலை, இந்தக் கணவாய் வழியாகத்தான் திராஸுக்குச் செல்கிறது.

நாள் கணக்கு குறைந்ததன் மறுபக்கம் அறிவிப்புகளில் இடம்பெறுவதில்லை. முன்பு வசந்தகாலத்தில் பனி இளகத் தொடங்கிய பிறகு களமிறங்கிய எல்லைச் சாலைகள் அமைப்பின் இயந்திரங்கள், இப்போது கடுங்குளிரின் நடுவிலும் ஓட வேண்டியிருக்கிறது. பனிச்சரிவுக் குவியலை புல்டோசர்களும் ஸ்னோ கட்டர்களும் அகற்றுகின்றன. புதிதாகப் பெய்த பனியை ஒதுக்க, முன்புறம் இரும்புத் தகடு பொருத்திய டீசல் வாகனங்கள் ஏற்றவை. இத்தகைய வாகனங்களுக்கு எங்கும் வரும் விசித்திரமான நோய், என்ஜின் சூடேறுவது. வெளியே உறைநிலைக்குக் கீழே குளிர். உள்ளே வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது.

கூலன்ட் குறைந்திருக்கும், தெர்மோஸ்டாட் சிக்கியிருக்கும், பம்ப் பழுதாகியிருக்கும் என்றுதான் முதலில் சந்தேகம் எழும். பனி தள்ளும் வண்டியில் தேடலை அங்கே தொடங்குவது பெரும்பாலும் வீண் வேலை. எப்போது சூடேறுகிறது என்ற கேள்வியே முதலாவது. தகட்டைத் தூக்கிக்கொண்டு வேகமாகச் செல்லும்போது முள் ஏறி, தகட்டைச் சற்றுத் தாழ்த்தியதும் அல்லது பக்கவாட்டில் திருப்பியதும் இறங்கினால், என்ஜினில் குற்றமில்லை. தூக்கிய தகடு ரேடியேட்டருக்கு முன் சுவராக நின்று காற்றைத் தடுத்திருக்கிறது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பல டீசல் வண்டிகளில் விசிறி எப்போதும் முழு வேகத்தில் சுழல்வதில்லை. ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்றின் சூட்டை உணர்ந்த பிறகே அதன் கிளட்ச் முழுமையாக இணைகிறது. தகடு காற்றை மறைத்தால், அந்தச் சூடான காற்று போதிய அளவு கிளட்சை எட்டுவதில்லை. தண்ணீர் கொதிநிலையை நெருங்கும்போதும் விசிறி சோம்பிக் கிடக்கிறது.

குளிரில் என்ஜின் விரைவில் சூடாகட்டும் என்று ரேடியேட்டர் முன் கட்டிய தார்ப்பாய் அவிழ்க்கப்படாமல் கிடப்பதும், முகப்பு வலையில் பனி அப்பிக்கொள்வதும், கோடையில் சேர்ந்த புழுதி ரேடியேட்டரின் தகட்டிடுக்குகளில் அடைத்திருப்பதும் இதே வகைக் கோளாறுகள்தான்.

சமவெளியில் தெரியாத சிக்கலை உயரம் கூட்டுகிறது. சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 70 சதவீதம்தான். ஆகவே அதே விசிறி குறைந்த அளவு வெப்பத்தையே அகற்றும். தண்ணீரும் அங்கே 100 டிகிரியில் அல்ல, சுமார் 88 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கிறது. என்ஜினின் இயல்பான வெப்பமே அதை ஒட்டியது. ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைக் காப்பதால்தான் கொதிப்பு தள்ளிப்போகிறது. மூடியின் ரப்பர் வளையம் சற்றுத் தளர்ந்திருந்தாலும் ஜம்முவில் ஒழுங்காக ஓடிய வண்டி சோஜிலாவில் பொங்கி வழியக்கூடும். (சூடாக இருக்கும்போது மூடியைத் திறப்பவர் முகம் வெந்துபோகும் என்பதை எந்த ஓட்டுநருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.)

உறைதல் தடுப்பானைக் கூடுதலாக ஊற்றிவிட்டால் பாதுகாப்பு என்ற எண்ணமும் தவறானது. கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. வெறும் கிளைக்காலோ மைனஸ் 12, 13 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும்; வெப்பத்தைக் கடத்துவதிலும் தண்ணீருக்கு ஈடாகாது.

தகட்டைக் கழற்றிய பிறகும் முள் ஏறினால் மட்டுமே மற்றவற்றைப் பார்க்க வேண்டும். மேல் குழாய் கொதிக்க, கீழ்க்குழாய் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் அல்லது அடைபட்ட ரேடியேட்டர். கூலன்ட் காரணமின்றிக் குறைந்து, குமிழிகள் எழுந்து, வெண்புகை நீடித்தால் ஹெட் கேஸ்கெட். கடைசியாகச் சொன்னதை மலைமேல் வைத்துச் சரிசெய்ய இயலாது. பனிச்சுவர்களுக்கு இடையே ஒற்றை வண்டி அகலத்துக்கு வெட்டிய பாதையில் அப்படியொரு வாகனம் நின்றுவிட்டால், இருபுறமும் ராணுவ லாரிகள் முதல் ஆம்புலன்ஸ் வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

குளிரில் டீசல் உறையாமலிருக்க, மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் தனி ரக டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் லடாக்கில் அறிமுகம் செய்தபோது, மத்திய உள்துறை அமைச்சரே அதைத் தொடங்கிவைத்தார். தளர்ந்த மூடிக்கும் தூக்கிய தகட்டுக்கும் விழா எடுப்பார் யாருமில்லை; பணிமனை மெக்கானிக்கின் கண்தான் அவற்றுக்குக் காவல்.

2025 ஜனவரியில் சோனமார்க் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. சோஜிலாவைக் குடைந்து சுமார் 13 கி.மீ. நீளத்தில் அமையும் சுரங்கம் முடிந்தால், கணவாயின் உச்சியில் பனி ஒதுக்கும் தேவை குறையும். எனினும், 2020-ல் திறக்கப்பட்ட அடல் சுரங்கத்தின் இரு வாயில்களையும் சேரும் சாலைகளில் இன்றும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் பனி அகற்றும் வாகனங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.