பாலூட்டும் தாயும் வீட்டாரின் பொறுப்பும்

 

அல்லாஹ்வைப் புகழ்ந்து, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்துச் சொல்லித் தொடங்குகிறேன்.

"பிள்ளைக்குப் பால் போதவில்லை, தண்ணீர் ஓதித் தாருங்கள்" என்று பள்ளிவாசலுக்கு வருவோர் பல ஊர்களிலும் உண்டு. பிள்ளை பிறந்து இரண்டு, மூன்று நாள்களே ஆகியிருக்கும். துஆவின் பரக்கத்தில் நமக்கு ஐயமில்லை. ஓதிய தண்ணீரைத் தாய் பருகட்டும். பச்சிளங்குழந்தையின் வாயில் ஊற்ற வேண்டாம். துஆவுடன் நாம் செய்ய வேண்டிய காரியங்களும் உள. அவற்றை அறிந்துகொள்வது இன்றைய அவசியம்.

அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் பாலூட்டலுக்கு முழுமையான காலம் இரண்டு ஆண்டுகள் என வரையறுக்கிறது. அத்துடன் அது நின்றுவிடவில்லை. பாலூட்டும் தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு என்கிறது. பிள்ளையைக் காரணமாக்கி எந்தத் தாயும் துன்புறுத்தப்படலாகாது என்கிறது. ஆக, பாலூட்டல் தாய் ஒருத்தியின் தலையில் மட்டும் சுமத்தப்பட்ட கடமையன்று.

முதல் ஒரு மணி நேரம்

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் பாலூட்டத் தொடங்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. குழந்தையைத் துடைத்துத் தாயின் வெற்று மார்பின் மீது படுக்க வைத்தால், அது தானே மார்பைத் தேடும். அறுவைச் சிகிச்சையில் பெற்ற தாயும், ஒருவர் துணையுடன், ஒருக்களித்துப் படுத்துப் பாலூட்டலாம்.

முதல் நாள்களில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் "கெட்ட பால்" எனக் கருதிப் பீய்ச்சிக் கொட்டும் வழக்கம் சில வீடுகளில் இன்றும் உள்ளது. நோயெதிர்ப்பு ஆற்றல் செறிந்த அந்தப் பாலே குழந்தைக்கு முதல் பாதுகாப்பு. அது ஒரு வேளைக்கு ஓரிரு தேக்கரண்டி அளவே சுரக்கும். பிறந்த குழந்தையின் சிறிய வயிற்றுக்கு அதுவே போதுமானது. இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் பால் பெருகும்.

சேனையும் தஹ்னீக்கும்

சீனித் தண்ணீர், கழுதைப்பால், தேன் ஆகியவற்றைச் சேனை என்று தொட்டு வைப்பதைத் தவிர்க்க வேண்டும். தேன் நோய் தீர்ப்பது என்பது நம் நம்பிக்கை. ஆயினும் ஓராண்டு நிறையாத குழந்தைக்கு அது ஆகாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, முதிராத குடலில் வளர்ந்து நச்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும்.

தஹ்னீக் நபிவழி, சுன்னத்து, ஃபர்ளு அன்று. மென்று குழைத்த பேரீத்தம்பழத்தை மேலண்ணத்தில் இலேசாகத் தடவுவதே அது, உணவூட்டுவதன்று. செய்ய விரும்புவோர் மருத்துவரிடம் கேட்டு, நோயற்ற ஒருவரைக் கொண்டு, கை கழுவிச் செய்யட்டும். அதற்காகப் பெரியவர் ஒருவரின் வருகையை எதிர்பார்த்து முதல் பாலைத் தள்ளிப்போடுவது தகாது.

ஆறு மாதம் நிறையும் வரை, மருத்துவர் தரும் மருந்து தவிர, தண்ணீர்கூட வேண்டியதில்லை.

"பால் இல்லை" என்னும் சொல்

குழந்தை உறிஞ்ச உறிஞ்சவே பால் சுரக்கும். ஒருவேளை புட்டிப்பால் கொடுத்தால் குழந்தை அந்த வேளை மார்பை உறிஞ்சாது, சுரப்பு குறையும், மறுநாள் இரண்டு புட்டி தேவைப்படும். இவ்வாறுதான் "பால் இல்லை" என்ற சொல் மெய்யாகிவிடுகிறது.

இரவும் பகலுமாக நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பாலூட்ட வேண்டும். அழுகைக்குக் காத்திராமல், குழந்தை வாயைத் திறந்து தலையைத் திருப்பித் தேடும்போதே கொடுத்துவிட வேண்டும். அழுகையெல்லாம் பசியன்று. ஐந்தாம் நாளுக்குப் பின் நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவந்தால் பால் போதுகிறது என்று பொருள். முதல் நாள்களில் எடை சிறிது குறைவது இயல்பே. இரண்டு வாரத்திற்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும்.

வலியும் பால் கட்டும்

காம்பில் புண்ணும் வெடிப்பும் உண்டாகப் பெரும்பாலும் காரணம், குழந்தை காம்பை மட்டும் கவ்வுவதே. குழந்தையின் உடல் முழுவதும் தாயை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். வாயை அகலத் திறந்ததும், காம்புடன் அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் செல்ல வேண்டும். மோவாய் மார்பைத் தொட வேண்டும். கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். வலி நீடித்தால், சுண்டுவிரலைக் குழந்தையின் கடைவாயில் நுழைத்து மெல்ல விடுவித்து, மீண்டும் கவ்வச் செய்க. ஊட்டிய பின் சிறிது தாய்ப்பாலையே காம்பில் தடவி உலர விடலாம்.

பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டால் ஊட்டுவதை நிறுத்தலாகாது. மார்பு இளகும் அளவுக்குச் சிறிது பாலைக் கையால் பீய்ச்சிவிட்டு ஊட்டுக. பின்னர்க் குளிர்ந்த துணியை ஒற்றுக. மார்பு சிவந்து காய்ச்சல் கண்டாலும், குழந்தை பாலுக்கு எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், உடல் மஞ்சளித்தாலும் தாமதமின்றி மருத்துவரிடம் செல்க.

வீட்டார் செய்ய வேண்டியவை

பத்தியம் என்ற பெயரில் தாய்க்குத் தண்ணீரையும் மீனையும் காய்கறியையும் மறுக்காதீர்கள். கணவன்மார்களே! இரவில் பிள்ளையைத் தூக்கிக் கொடுங்கள்; துணி மாற்றுங்கள். பார்க்க வருவோரின் கூட்டத்தைக் குறைத்து, தாய்க்கு உறக்கத்தையும் தனிமையையும் தாருங்கள். மாமியார்களே! "என் காலத்தில் இப்படியா?" என்ற ஒரு சொல் ஒரு வேளைப் பாலை நிறுத்திவிடக்கூடும். ரமளானில் தனக்கோ பிள்ளைக்கோ பாதிப்பு வரும் என அஞ்சும் தாய்க்கு நோன்பை விட்டுப் பின்னர் நிறைவேற்ற மார்க்கமே அனுமதி தந்திருக்க, நாம் அவளைக் குறை கூறலாமா?

எவ்வளவு முயன்றும் போதிய பால் சுரக்காத தாய்மார்களும், நோயினாலோ மருந்தினாலோ ஊட்ட இயலாதவர்களும் உள்ளனர். அவர்கள் மருத்துவர் கூறும் மாற்றுப் பாலைக் கொடுப்பதில் குற்றமில்லை. மேற்கண்ட வசனமே, இருவரும் கலந்து பேசிப் பால் மறக்கச் செய்வதையும், வேறொரு பெண்ணிடம் பாலூட்டச் செய்வதையும் குற்றமற்றது என்கிறது. அவர்களைத் தாழ்வாகப் பேசுவதே குற்றம்.

அல்கஸஸ் அத்தியாயத்தின் 7ஆம் வசனத்தை எண்ணிப் பாருங்கள். ஃபிர்அவ்னின் ஆட்கள் ஆண் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த காலம். அஞ்சி நின்ற மூஸா (அலை) அவர்களின் தாயாருக்கு அல்லாஹ் அறிவித்த முதல் செய்தி, குழந்தைக்குப் பாலூட்டு என்பதே. அந்தத் தாயின் அச்சத்தை அல்லாஹ் அகற்றினான். நம் வீட்டுத் தாயின் அச்சத்தை அகற்றும் பொறுப்பை நம்மிடம் தந்துள்ளான்.

வல்ல அல்லாஹ் நம் தாய்மார்களுக்கு நலத்தையும், பிள்ளைகளுக்கு நிறைவான உணவையும், நமக்கு இரக்கமுள்ள நாவையும் தந்தருள்வானாக! ஆமீன்.