பழைய மஸில் காருக்கு அகலமான பின் டயர்: மாட்டும் முன் அளக்க வேண்டியது என்ன?

ஹாலிவுட் படங்களில் புகையைக் கிளப்பிக்கொண்டு பாயும் டாட்ஜ் சார்ஜர், ஃபோர்டு மஸ்டாங் கார்களைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் ஒல்லி டயர், பின்னால் தடி டயர். அந்த கெத்துக்காகவே அமெரிக்காவில் பலர் தங்கள் 1960-களின் கார்களில் அகலமான பின் டயரை மாட்டுகிறார்கள். ஆனால் பெரிய டயரை வாங்கி மாட்டினால் வேலை முடிஞ்சுதுன்னு நினைத்தால் ஆபத்து. நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதில்கூட அது போய் முடியலாம். எப்படி? பார்க்கலாம் வாங்க.

ஏன் பின்னால் மட்டும்?

மஸில் கார் காலத்தைத் தொடங்கி வைத்ததாகப் பலரும் சொல்வது 1964-ல் வந்த போன்டியாக் ஜிடிஓ. இன்ஜின் 6.4 லிட்டர் வி8. டயரின் அகலமோ சுமார் 7.5 அங்குலம்தான்! இன்ஜினின் மொத்த பலமும் பின் சக்கரங்களுக்கே போவதால், வேகமாகக் கிளப்பினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். அகலமான டயர் கூடுதல் பிடிப்பு கொடுக்கும்.

அந்த எண்கள் சொல்வது என்ன?

275/60 ஆர்15 என்றால் அகலம் 275 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 15 அங்குலம். 235/60 ஆர்15 டயரின் மொத்த உயரம் 663 மி.மீ. இதுவோ 711 மி.மீ. அகலத்தோடு உயரமும் கூடிவிட்டது பாருங்க. 235 டயருக்குச் சரியாக இருந்த ஸ்பீடோமீட்டர் இப்போது 100 கி.மீ. காட்டினால், கார் உண்மையில் 107 கி.மீ. வேகத்தில் போகும். டயர் உயரமானதால் கிளம்பும்போது இழுவையும் குறையும்.

எங்கே உரசும்?

டயர் 40 மி.மீ. அகலமானால், ரிம்மின் மையக்கோடு மாறாதவரை உள்ளே 20, வெளியே 20 மி.மீ. இடம் வேண்டும். மஸ்டாங், சார்ஜர் கார்களில் உள்பக்கம் லீஃப் ஸ்பிரிங் இருக்கும். வெளிப்பக்கம் வீல் ஆர்ச்சின் தகர மடிப்பு. கார் நிற்கும்போது இடைவெளி இருப்பதாகத் தெரியும். நாலு பேர் ஏறி, பள்ளத்தில் இறங்கித் திரும்பும்போது அந்த மடிப்பு கத்தி மாதிரி பக்கச்சுவரை அறுக்கும்.

எப்படி அளப்பது?

காரின் எடை பின் ஆக்ஸிலில் இருக்கும்படி ஸ்டாண்ட் வைத்து சக்கரத்தைக் கழற்றுங்கள். சக்கரம் பொருந்தும் ஹப் முகத்திலிருந்து உள்ளே ஸ்பிரிங் வரை, வெளியே மடிப்பு வரை அளக்க வேண்டும். இரு பக்கமும் அரை அங்குலமாவது மிச்சம் இருப்பது நல்லது. பழைய கார்களில் இடதும் வலதும் ஒரே அளவாக இருக்காது, இரண்டையும் அளங்க.

அடுத்தது ரிம். ஹப் முகத்திலிருந்து ரிம்மின் உள்விளிம்பு வரையான தூரம்தான் 'பேக்ஸ்பேசிங்'. இது கூடினால் சக்கரம் உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும். அந்த டயருக்குத் தயாரிப்பு நிறுவனம் அனுமதிக்கும் ரிம் அகலத்தையும் பார்க்க வேண்டும்.

குறுக்கு வழி வேண்டாம்

1970-களில் ஏர் ஷாக் மாட்டிப் பின்பக்கத்தைத் தூக்கி டயருக்கு இடம் பிடித்தார்கள். அதனால் காரின் எடை, ஷாக் பொருத்தும் இடத்தில் இறங்கி அங்கே விரிசல் விழும். மடிப்பை உருளை கொண்டு மடக்குவதும், தேவைப்பட்டால் உள்ளே வீல் அறையை அகலப்படுத்துவதும்தான் சரியான வழி.

மழையில் கவனம்!

அகலமான டயர் தேங்கிய தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும். பின்னால் மட்டும் பிடிப்பு கூடினால், வளைவில் முன்பக்கம் திரும்பாமல் நேராக இழுக்கும்.

நம்ம நாட்டில்?

ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடை விதிக்கிறது. எனவே உங்கள் காருக்கு டயர் மாற்றும் முன், டிரைவர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.