சீடை வெடித்த நேரலை

எங்க தெருவில் ஒரு அக்கா வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறார். அவர் வீட்டுக்காரருக்கு வேலை போனதிலிருந்து அதுதான் வருமானம். வாரம் 2 நாள் ஃபேஸ்புக் நேரலையில் சமைப்பார். யூடியூபில் சமையல் குறிப்புக்குப் பஞ்சமே இல்லை. அப்புறம் இவரை ஏன் பார்க்கணும்? இந்தக் கேள்வியோடுதான் கவனிக்க ஆரம்பித்தேன்.

கோகுலாஷ்டமிக்கு முந்தின வாரம் விடை கிடைத்தது. நேரலையில் சீடை எண்ணெயில் பட்டுனு வெடித்தது. 'போச்சு'ன்னு நினைத்தேன். அவர் அடுப்பை அணைத்தார், கேமராவை அணைக்கவில்லை. "உள்ள ஈரம் மாட்டிக்கிச்சு. ஆவி வெளிய போக வழியில்லாம வெடிக்குது" என்றார். மீதி உருண்டைகளைத் துணியில் உலர்த்தி, ஊசியால் குத்தி, மறுபடி போட்டார். அந்த ஈடு வெடிக்கவில்லை.

அன்று ராத்திரிக்குள் அக்கம்பக்கத்திலிருந்து ஆர்டர் வந்துவிட்டது. வெட்டி ஒட்டிய வீடியோ பலகாரத்தைக் காட்டும். நேரலை கையைக் காட்டும். எண்ணெய் புதுசா பழசா, கை சுத்தமா என்பதுதானே வாங்குகிறவர் பயம்?

இன்னொரு விஷயம், பார்வையாளர் எண்ணிக்கை. துபாயிலிருந்து எத்தனை "சூப்பர் அக்கா" வந்தாலும் ஒரு பாக்கெட் விற்காது. நடந்து வந்து வாங்குகிற 20 வீடு போதும். முடிக்கும்போது, "நாளைக்கு தட்டை. எட்டு மணிக்குள்ள சொல்லிடுங்க" என்பார். சொன்ன அளவுக்குத்தான் மாவு பிசைவார், மிச்சம் விழாது.

நீங்களும் தொடங்குறதா இருந்தா, முதலில் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு. வீட்டிலிருந்து விற்றாலும் அது வேணும். அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் போடுங்க. கேமரா அப்புறம்.