கல் யாரை நோக்கி வருகிறது? நாகராஜ் மஞ்சுளேயின் திரைமொழி

2013இல் உருவான ‘ஃபன்ட்ரி’ என்னும் மராத்திப் படத்தின் தலைப்பு தமிழ்ச் செவிக்கு அந்நியமானதன்று. தமிழோடு உறவுடைய கைக்காடி மொழியில் அச்சொல்லுக்குப் பன்றி என்றே பொருள். கதையில் அது, பன்றி பிடிக்கும் வேலை சுமத்தப்பட்ட குடும்பத்துச் சிறுவன் ஜப்யாவின் மீது வீசப்படும் சாதி வசை.

அதை இயக்கிய நாகராஜ் மஞ்சுளே, சோலாப்பூர் மாவட்டத்து ஜேவூரில், கல்லுடைக்கும் வடார் சமூகத்தில் பிறந்தவர், கவிஞர். ‘பிஸ்துல்யா’ குறும்படத்திற்கும், முதல் முழுநீளப் படமான ‘ஃபன்ட்ரி’க்கும் தேசிய விருது பெற்றவர்.

பார்வையாளருக்குப் பழக்கமான இன்பத்தை முதலில் தந்து, பிறகு அதைப் பறித்துக்கொள்வதே அவரது முறை. ‘ஃபன்ட்ரி’ பள்ளிக் காதல் கதையாகத் தொடங்குகிறது. பின்னர் சக மாணவர்கள் சிரித்து வேடிக்கை பார்க்க, ஜப்யாவின் குடும்பம் பன்றியைத் துரத்துகிறது. பள்ளியில் தேசிய கீதம் ஒலிக்கவே, அவர்கள் அசையாது நிற்கிறார்கள், பன்றி தப்பிவிடுகிறது. தேசத்திற்கு அவர்கள் செலுத்தும் மரியாதையை ஊர் அவர்களுக்குச் செலுத்துவதில்லை. பிடிபட்ட பன்றியை அம்பேத்கர், பூலே ஓவியங்கள் தீட்டிய பள்ளிச் சுவரைக் கடந்து சுமந்து செல்கிறார்கள். முடிவில் ஜப்யா எறியும் கல் நேரே திரையை நோக்கி வருகிறது. வேடிக்கை பார்த்தவர்களுள் நாமும் இருக்கிறோம்.

2016 ஏப்ரல் 29 அன்று வெளியான ‘சைராட்’ இம்முறையை வெகுமக்கள் சினிமாவுக்குள் கொண்டுசென்றது. அஜய்-அதுலின் பாடல்களுக்குத் திரையரங்குகள் ஆடின. இறுதிக் காட்சியிலோ ஒலியே இல்லை: கொல்லப்பட்ட பெற்றோரைக் கண்ட குழந்தை, இரத்தக் கால்தடம் பதிய வெளியே நடக்கிறது. இதன் இந்தி மறுஆக்கமான ‘தடக்’ சாதியை மங்கலாக்கியபோது, அந்த மௌனத்தின் பொருளும் மங்கியது.

இதற்கு ஏழு வாரங்களுக்கு முன்புதான், மார்ச் 13 அன்று, உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். எனவே தமிழ்நாட்டில் அக்காட்சியைக் கற்பனையென்று எவரும் ஒதுக்க இயலாது.

மராத்தித் திரையுலகம் அதுவரை காணாத வசூலை ‘சைராட்’ ஈட்டியது. ஆனால் அதே ஆண்டில் மகாராட்டிரத்தில் நடந்த மாபெரும் மராத்தா பேரணிகளில், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது. திரையரங்கில் வடித்த கண்ணீர் தெருவில் நீதியாக மாறிவிடவில்லை. மஞ்சுளேயைக் கொண்டாடும் நாம் இதை மறக்கலாகாது. ஆணவக்கொலைகளுக்கு எதிரான தனிச்சட்டத்திற்காகக் குரல் கொடுப்பவர்கள், கல்லூரிகளில் இப்படங்களைத் திரையிட்டு, விளக்கு எரிந்த பின்பும் மாணவர்களை அமரவைத்துப் பேச வேண்டும்.